கற்குவியலிலிருந்து சுவரோவியத்துக்கு: கயத்தாறு வட்டாரத்தில் போர்வீரர் நினைவு

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் ஒரு புளியமரத்தில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார் கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மன். சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை வரச்சொல்லி, அவர்கள் பார்க்கவே அதை நடத்தினார். பார்த்தவர்கள் அடங்கிப் போவார்கள் என்பது கணக்கு. ஆனால் அந்த இடத்தருகே வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போனார்கள். கூழாங்கல்லும் பெருங்கல்லுமாக அது குவியலாக வளர்ந்ததை ஆங்கிலேயர் கால எழுத்தே பதிவு செய்திருக்கிறது.

இந்த வட்டாரத்துப் போர் நினைவுச் சின்னங்களுக்கு மூத்தது என்று அந்தக் குவியலைத்தான் சொல்வேன். நடுகல்லில் வீரனின் உருவம் இருக்கும், பல கற்களில் பெயரும் இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. அச்சம்தான் காரணம் என்பது என் ஊகம். போகிற போக்கில் கல் போட்டவன்மேல் என்ன குற்றம் எழுத முடியும்? எதிர்த்தரப்பிலோ, பாஞ்சாலங்குறிச்சிப் போர்களில் மாண்ட கும்பினிப் படையினருக்கு அந்த மண்ணிலேயே கல்லறைகள் எழும்பின. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் தோல்வியோடு தரைமட்டமானது. அதை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு.

பிறகு நெடுங்காலம் நினைவைச் சுமந்தது பாட்டு. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மன் கதைப்பாடல் அந்த வாய்மொழியின் அச்சு வடிவம். பாட்டில் வரும் வீரனுக்கு முகம் கொடுப்பது கேட்பவன் மனசு. அந்த வேலையை 1959இல் சினிமா எடுத்துக்கொண்டது. பி. ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்தபின் முறுக்கு மீசையும் உருட்டிய விழியுமாகச் சிவாஜி கணேசனின் முகமே கட்டபொம்மனின் முகமானது. 1970இல் அவரே கயத்தாற்றில் நிலம் வாங்கிச் சிலையும் வைத்தார். நடிகர் வாங்கிய மண்ணில், நடிகர் தந்த முகத்தோடு ஒரு வரலாற்று நாயகன்! ஆய்வாளனுக்குச் சங்கடம்தான், ஊருக்கு அப்படியொரு சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டி, உட்சுவர்களில் போர்க்காட்சிகளை ஓவியமாகத் தீட்டியது. குவியலுக்குக் கல் கொண்டுவந்தவன் இங்கே வெறுங்கையோடு நின்று பார்ப்பவனாகிறான். எதைப் பார்க்க வேண்டும் என்பதை அரசும் ஓவியரும் முடிவு செய்கிறார்கள். கயத்தாற்றில் அரசு மணிமண்டபம் திறந்தது 2015இல்.

சுவர் கிடைத்ததும், அதில் யார் இருக்கிறார் என்ற கேள்வி வந்தது. பெல்பாஸ்ட் நகரத் தெருச்சுவர்களில் 1916 சோம் போரில் மடிந்த அல்ஸ்டர் படையினரின் படம் இருந்தால், அது எந்தத் தரப்பின் தெரு என்று சொல்லிவிடலாம். இங்கும் ஏறக்குறைய அப்படித்தான். கட்டபொம்மனின் படையில் நின்ற சுந்தரலிங்கத்துக்குக் கவர்னகிரியிலும், வெள்ளையத்தேவனுக்கு வல்லநாட்டிலும், முந்தைய தலைமுறை வீரர் அழகுமுத்துக்கோனுக்குக் கட்டாலங்குளத்திலும் மண்டபங்கள். விழா நாளில் கூடும் கூட்டத்தையும் வழியெங்கும் ஒட்டிய போஸ்டரையும் பார்த்தாலே எந்த மண்டபம் எந்தச் சமூகத்துக்கு நெருக்கம் என்பது புரிந்துவிடும். நெடுங்காலம் வரலாற்று நூல்களில் ஓரத்தில் நின்றவர்கள், எங்கள் ஆளும் போரிட்டான் என்று சுவரில் காட்டக் கேட்டதில் நியாயம் உண்டு.

அந்த நியாயம் எங்கே முட்டியது என்பதை 1997 காட்டியது. ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததும் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்தது; உயிர்கள் போயின. முடிவில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. நெல்லை மாவட்டத்தின் பெயரிலிருந்த கட்டபொம்மனும், தன் படையில் நின்ற சுந்தரலிங்கத்தோடு சேர்ந்து, அந்த ஒரே உத்தரவில் வெளியேறினார்.