பெண்ணின் வயதும் கருவளமும்: தமிழ்நாட்டு வரலாற்றுப் பின்னணி

பெண்ணின் வயதுக்கும் கருவுறும் வாய்ப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தமிழ்நாட்டில் இத்தொடர்பு முதலில் பொதுவிவாதத்துக்கு வந்தது, மிக இளம் வயதில் தாயாவதன் ஆபத்தைப் பற்றிய கேள்வியாகவே. வயது கூடும்போது வாய்ப்பு குறைவது பற்றிய கவனம் பிற்காலத்தில் ஏற்பட்டது.

உடலியல் அடிப்படை

ஆண்களுக்கு விந்தணுக்கள் தொடர்ந்து உற்பத்தியாகின்றன. பெண்ணோ தன் வாழ்நாளுக்குரிய கருமுட்டைகளுடன் பிறக்கிறாள். பிறக்கும்போது சுமார் 10 முதல் 20 லட்சம் வரை இருக்கும் முட்டைகள், பூப்பெய்தும் காலத்தில் ஏறத்தாழ 3 முதல் 4 லட்சமாகக் குறைகின்றன. எண்ணிக்கையுடன் தரமும் குறைகிறது. முட்டையில் நிறப்புரிப் பிழைகள் கூடுவதால் கருச்சிதைவும் அதிகரிக்கிறது. பொதுவாக 32 வயதுக்குப் பின் கருவளம் மெல்லக் குறையத் தொடங்கி, 37க்குப் பின் வேகமாகச் சரிகிறது.

1982இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. கணவரின் மலட்டுத்தன்மையால் கொடையாளரின் விந்தணு மூலம் சிகிச்சை பெற்ற 2,193 பெண்களை அது ஆராய்ந்தது. ஓராண்டில் கருவுற்றோர், 26–30 வயதினரில் சுமார் 74%. 31–35 வயதினரில் சுமார் 61%. 35 வயதைக் கடந்தவர்களில் சுமார் 54%.

திருமண வயதுச் சட்டங்கள்

1891ஆம் ஆண்டின் இசைவு வயதுச் சட்டம், உடலுறவுக்கான குறைந்தபட்ச வயதை, மணமான பெண்களுக்கும் சேர்த்து, 10இலிருந்து 12ஆக உயர்த்தியது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு பெண்ணின் திருமண வயது 16க்கு மேல் இருக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியும் சென்னைச் சட்டமன்றத்தில் திருமண வயதை உயர்த்தக் குரல் கொடுத்தார்.

அதே ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வரையறுத்து, 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த கோலியனூர், விழுப்புரம், திண்டிவனம் பகுதிகள் இச்சட்டத்தின் கீழ் வந்தன. கோலியனூர் வழியாகச் செல்லும் சாலையின் மறுமுனையில் உள்ள புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அங்கு இது பொருந்தவில்லை. 1949இல் பெண்ணின் திருமண வயது 15ஆகவும், 1978இல் 18ஆகவும் உயர்த்தப்பட்டது.

சோதனைக் குழாய் குழந்தைகள்

திருமண வயது 18ஆன அதே 1978இல், ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது. அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது. தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை 1990இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் பிறந்தது.

இதனால் வயதைச் சிகிச்சை வென்றுவிடும் என்ற எண்ணம் பரவியது. ஆயினும் பெண்ணின் சொந்த முட்டையைப் பயன்படுத்தும்போது வெற்றி வாய்ப்பு பெரும்பாலும் அந்த முட்டையின் வயதையே சார்ந்துள்ளது. இளம் பெண்ணின் கொடை முட்டையைப் பயன்படுத்தினால் 40 வயதைக் கடந்தவரும் கருவுற முடிகிறது. முட்டையை விட மெதுவாகவே கருப்பை முதுமை அடைகிறது என்பதை இது காட்டுகிறது. எனினும் அவ்வயதில் பேறுகால உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற இடர்கள் கூடுதல்.

2021ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியாவின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு உச்ச வயதாக 50ஐயும், ஆணுக்கு 55ஐயும் வரையறுக்கிறது. ஆனால் முட்டைக் கொடையாளர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். 35க்கும் 50க்கும் இடையிலான இந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளி முட்டைக்கும் கருப்பைக்கும் உள்ள வேறுபாட்டோடு ஒத்துப்போகிறது. ஆகவே, 50 வயது வரை சிகிச்சைக்கு அனுமதி உண்டு என்பது அதுவரை சொந்த முட்டையால் கருவுறலாம் என்று பொருள்படாது.

இன்றைய நிலை

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8. அதே ஆய்வில் 20–24 வயதுப் பெண்களில் 12.8% பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். எனவே, மிக முன்கூட்டிய தாய்மையும் தாமதமான தாய்மையும் ஒரே மாநிலத்தில் இன்றும் அருகருகே உள்ளன.

குழந்தையின்மைக்குப் பெண்ணையே பொறுப்பாக்கும் வழக்கம் சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது. ஆண் சார்ந்த காரணங்களும் பரவலாக உள்ளதால் இருவரும் ஒரே நேரத்தில் பரிசோதிக்கப்பட வேண்டும். 35 வயதுக்குட்பட்ட பெண்கள் ஓராண்டு முயன்றும் கருவுறாவிட்டால் மருத்துவரை நாடலாம். 35ஐக் கடந்தவர்கள் ஆறு மாதத்திலும், 40ஐக் கடந்தவர்கள் உடனடியாகவும் ஆலோசனை பெறுவது பரிந்துரைக்கப்படுகிறது.