எட்டாவது அலகு

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கச் செயலாளர், "ஹாஸ்டல், கேன்டீன் பத்தி எல்லாரும் எழுதிருவாங்க. நீ வேற ஏதாவது எழுதுப்பா" என்றார். ஆகவே, நாம் கடனே என்று எழுதித் தேறிய சுற்றுச்சூழல் பேப்பரின் வரலாற்றை எழுதுகிறேன்.

அந்தப் பேப்பர் ஒரு வழக்கில் பிறந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று கூறியது. பட்டப்படிப்புக்கு அது வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவாக ஆறு மாதப் பாடத்திட்டம் தந்தது. 2004-இல் பாடநூலும் வந்தது. அதன் எட்டாவது அலகு களப்பணி. ஆறு, குளம், மாசடைந்த ஓர் இடம் என்று நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

அதே 2004 ஜூலையில்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, உலகநேரிக் கண்மாய்ப் பகுதியில் திறக்கப்பட்டது. மதுரையைச் சுற்றிக் குளம், ஏந்தல், நேரி என்று முடியும் ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். இது கண்மாய்களின் சீமை. ஒன்று நிரம்பினால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததை நிரப்பும்.

எங்கள் செட்டை வண்டியூர்க் கண்மாய்க்குக் கூட்டிப்போன அன்று நான் போகவில்லை. மாட்டுத்தாவணியில் டீ குடித்துவிட்டு, நண்பனின் ரெக்கார்டைப் பார்த்து எழுதி மார்க் வாங்கினேன்.

சில வருடம் கழித்து, ஒரு சைட்டில் காம்பவுண்ட் சுவருக்குக் கோடு போட்டுக் கொடுத்தவன் நான். குறுக்கே கிடந்த வரத்துக்காலை வெறும் பள்ளம் என்று நினைத்தேன். ஐப்பசி மழையில் தண்ணீர் பக்கத்துத் தெரு வீடுகளுக்குள் புகுந்தது. நனைந்த அரிசி மூட்டையைத் திண்ணையில் இழுத்துப் போட்டுக்கொண்டே ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, இது கண்மாய்க்குத் தண்ணி போற பாதை. உங்க படிப்புல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா?"

சொல்லித் தந்தார்கள். நான்தான் போகவில்லை. சுவரை உடைத்துக் குழாய் பதித்தோம். அந்த மூட்டை மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

படித்ததைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களும் நம் ஊரில் உண்டு. தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் கழிவை உருக்கிப் பூசி, தாரோடு கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, களப்பணிக்குக் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். டீயை அப்புறம் குடித்துக்கொள்ளலாம்.