ஜாலான் அம்பாஸ் ஆசான்கள்

திரைப்படம் என்றதும் மலேசியத் தமிழர்தம் நெஞ்சம் கோடம்பாக்கத்தை நோக்கியே ஓடும். சென்னை நடிகர்தம் பிறந்த ஊரும் நடித்த படங்களும் நம் தோட்டப்புற முதியோர்க்கு மனப்பாடம். ஆயின், ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்தால் எட்டிவிடும் சிங்கப்பூரில், ஜாலான் அம்பாஸ் என்னும் சிறு தெருவில், இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் மலாய்த் திரைக்கலையை வளர்த்த வரலாற்றை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்?

மலாய்த் திரையின் தொடக்கமாகக் கருதப்படும் 'லைலா மஜ்னூன்' 1934இல் வெளிவந்தது. அதனை இயக்கியவர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ். போருக்குப் பின்னர் ஷா சகோதரர்கள் ஜாலான் அம்பாஸில் படத்தொழிலை மீண்டும் தொடங்கியபோது அவரே அதற்குத் தூணாக நின்றார். 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இளைஞர் பாடக் கேட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்தவரும் அவரே. அவ்விளைஞர்தாம் பி. ரம்லி. அவ்வாண்டு வெளிவந்த 'சிந்தா' படத்தில் வில்லனாக நடித்ததோடு, நாயகனுக்குப் பின்னணிக் குரலும் தந்தார் ரம்லி.

குரலுக்குரியவரையே நாயகனாக்கியவர் நம் தமிழரான எல். கிருஷ்ணன். 1922இல் சென்னையில் பிறந்த அவர், 1950இல் தாம் இயக்கிய 'பக்தி' படத்தில் ரம்லிக்கு முதன்முதலாக நாயக வேடம் அளித்தார். எஸ். இராமநாதன், கே.எம். பாஸ்கர் முதலியோரும் அக்காலத்தில் மலாய்ப் படங்களை இயக்கினர். வங்கத்திலிருந்து வந்த பணி மஜும்தார் 1956இல் 'ஹாங் துவா'வை வண்ணத்தில் படைத்தார். அவரே இயக்கிய 'அனாக்கு சசாலி' படத்திற்காக 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் ரம்லி சிறந்த நடிகர் விருது பெற்றார்.

இவர்தம் படங்களில் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. கதையும் ஆடலும் பாடலும் இந்தியச் சாயலில் மிகுந்திருந்தன. மலாய் மக்களின் வாழ்வு திரையில் குறைவாகவே தெரிந்தது. அக்குறையை நீக்கியவரும் அவர்களிடம் பயின்ற மாணாக்கரே. 1955இல் ரம்லி தாமே இயக்கிய 'பெனாரேக் பெச்சா', மூன்று சக்கர வண்டியிழுக்கும் ஓர் ஏழையின் வாழ்வைக் காட்டியது. ஆசானிடம் கற்ற கலை, மாணாக்கர் கையில் மண்ணின் மணம் பெற்றது.

தம்மை விஞ்சும் மக்களைக் கண்டு மகிழ்தலை வள்ளுவர் பெற்றோர்க்கு உரைத்தார். அம்மகிழ்ச்சி ஆசிரியர்க்கும் உரியதே. ரம்லி 1973இல் மறைந்தார். அவரை நாயகனாக்கிய கிருஷ்ணன் நூறு அகவை கண்டு 2023இல் மறைந்தார். மாணாக்கரின் பெயரை நாடே அறியும். ஆசானின் பெயரையேனும் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிதல் வேண்டாவா? இந்நாட்டுக் கலையில் நம்மவர்க்கும் பங்குண்டு என்பதை நாம் சொல்லாவிடின், அவர்கட்கு வேறு யார் சொல்வார்?