ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சட்டம்

1943 ஜூலை மாதக் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் புகை மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம்; ஜப்பான் விஷவாயுவைப் போட்டுவிட்டது என்றே பலர் பயந்தார்கள். பிறகு பழி, அலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் செய்துகொண்டிருந்த ஆலையின் மேல் விழுந்தது. அந்த ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள். புகை நிற்கவில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடித்தவர், அன்னாசிப் பழத்தின் மணம் எதிலிருந்து வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த கால்டெக் பேராசிரியர் ஏரி ஹாகன்-ஸ்மித். கார்ப் புகையிலுள்ள ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயில் பட்டு வினைபுரிந்து ஓசோனாகிக் கண்ணை எரிக்கின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். எண்ணெய்க் கம்பெனிகளின் பணத்தில் நடந்த ஆய்வுகள் அதை மறுத்தன, மனிதர் விடவில்லை. 1968இல் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் முதன்முதலாகக் கூடியபோது அதன் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

இன்றைக்குச் சில நூறு ரூபாய் அடாப்டரைக் காரில் செருகி, போனில் ஒரு செயலியைத் திறந்து ‘செக் என்ஜின்’ விளக்கு ஏன் எரிகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ள முடிகிறது என்றால், அதற்கு வழி திறந்தது இந்த வாரியம். வண்டிக்காரருக்கு உபகாரம் செய்வதல்ல அதன் நோக்கம். புகை விடும் காரைப் பிடிப்பதுதான்.

புகையைக் குறைக்க வேண்டுமானால் பெட்ரோலையும் காற்றையும் அளந்து கலக்க வேண்டும். கார்புரேட்டருக்கு அந்தத் துல்லியம் வராது. அதனால்தான் கம்ப்யூட்டர் பானெட்டுக்குள் புகுந்தது. 1981 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வைத்தபோது, தொழிற்சாலையில் சோதிப்பதற்கென்று டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சாக்கெட்டையும் விட்டுவைத்தது. மெக்கானிக்குகள் அதற்குக் கண்டுபிடித்த ஸ்கேனர், ஒரு பேப்பர் கிளிப். கிளிப்பை வளைத்து ஏ, பி என்ற இரண்டு முனைகளையும் இணைத்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் டாஷ்போர்டு விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல். அது 12ஆம் எண். கம்ப்யூட்டர் கொடுக்கும் ஆஜர். அதையே மும்முறை சொல்லிவிட்டு, நினைவில் வைத்திருக்கும் கோளாறு எண்களை ஒவ்வொன்றாக மும்முறை சிமிட்டும். எண்ணிக்கை தப்பினால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த வித்தை ஜெனரல் மோட்டார்ஸ் காரில் மட்டுமே பலிக்கும். ஃபோர்டுக்கு வேறு சாக்கெட், டொயோட்டாவுக்கு வேறு; எண்களும் வேறு வேறு. பல கம்பெனிக் கார்களைப் பார்க்கும் பட்டறையில் ஒயர்களுக்கே ஓர் அலமாரி தேவைப்பட்டது.

வாரியத்தின் கவலை வேறு. ஷோரூமை விட்டு வரும்போது சுத்தமாக இருக்கும் கார், நாலைந்து வருடத்தில் கெட்டுப்போய் அடுத்த புகைப் பரிசோதனை வரை நச்சைக் கக்கிக்கொண்டே ஓடும். எனவே கார் தன்னைத்தானே கண்காணித்துக்கொள்ள வேண்டும் என்றது. 1988 மாடலில் தொடங்கிய முதல் விதி போதவில்லை. ஓபிடி-2 எனப்படும் இரண்டாம் விதி, 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயமானது: ஒரே வடிவில் 16 முனை சாக்கெட், டிரைவர் சீட்டிலிருந்து கை எட்டும் இடம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோளாறு எண்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் இன்னொன்று. இரண்டும் ஒரே மாதிரி துடித்தால் நடுவிலுள்ள கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பி0420 என்று இன்று போனில் தெரியும் பிரபலமான எண் அதுதான்.

சாக்கெட் ஒன்றானதே தவிர, பாஷை ஒன்றாகவில்லை. ஃபோர்டு ஒன்று பேசியது, ஜெனரல் மோட்டார்ஸ் இன்னொன்று. ஐரோப்பிய, ஆசியக் கார்கள் மூன்றாவது ஒன்று. எல்லாம் தெரிந்த ஸ்கேனரின் விலை சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. இந்தச் சிக்கலை அவிழ்த்தது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சின்னஞ்சிறு நிறுவனம். அடாப்டருக்குள் வைப்பதற்கென்று அது 2005இல் வெளியிட்ட ஈஎல்எம்327 சிப், எந்தக் காரானாலும் அதன் பாஷையைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். வெளியே பேசுவதோ பழைய டெலிபோன் மோடம் பாணியில். 010சி என்று அனுப்பினால் என்ஜின் வேகத்தைக் கேட்கிறோம். 41 0சி 0பி பி8 என்று பதில் வரும். கடைசி இரண்டு ஜோடியும் பதினாறடிமான எண்கள். சேர்த்துப் படித்தால் 3000. அதை நாலால் வகுத்தால் நிமிடத்துக்கு 750 சுற்று, அதாவது கார் சும்மா நின்று உறுமிக்கொண்டிருக்கிறது. போனில் முள் ஆடும் அழகான மீட்டருக்குப் பின்னால் நடக்கும் உரையாடல் இவ்வளவுதான்.

எல்ம் ஒரு காரியத்தில் கோட்டைவிட்டது. முதல் பதிப்பு சிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டைப் போடவில்லை. சந்தை முழுக்கப் போலிகள் பெருகின. எல்ம் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே கிடையாது, ஆனால் 1.5 என்று அச்சடித்த அடாப்டர்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. நியாயப்படி அது திருட்டு. இந்தத் தொழில்நுட்பத்தை ஏழை மெக்கானிக்கின் சட்டைப்பைக்குக் கொண்டுவந்ததும் அதே திருட்டுதான். 2022இல் எல்ம் கடையைக் கட்டியது.

புளூடூத் வைத்த அடாப்டரும் ஆண்ட்ராய்டு போனும் சேர்ந்த காலத்தில், 2010 வாக்கில், டார்க் என்ற செயலி வந்தது. பழைய புளூடூத்தில் வெளிக்கருவிகளை இணைக்க ஆப்பிளின் அனுமதி வேண்டியிருந்ததால், ஐபோன்காரர்களுக்கென்று அடாப்டருக்குள்ளேயே வைஃபை வைத்து அந்த வேலியைத் தாண்டினார்கள்.

இந்தியாவுக்கும் இந்தச் சாக்கெட் மாசு விதியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. பிஎஸ்-4 விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு வந்தபோது ஓபிடியின் முதல் கட்டமும் வந்தது; இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். “ஸ்கேன் போட்டுப் பாத்துரலாம் சார்” என்ற வசனம் நம்மூர் ஒர்க்‌ஷாப்புகளில் பழகிப்போனது அதன் பிறகுதான்.

போனில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் அந்தப் புகைச்சட்டமே இன்னும் தீர்மானிக்கிறது. என்ஜினும் புகையும் சம்பந்தப்பட்ட தகவலைப் பொதுவில் வைக்கச் சட்டம் சொன்னது, கம்பெனிகள் வைத்தன. ஏர்பேக், ஏபிஎஸ் பற்றி அது பேசவில்லை. சாதாரணச் செயலிக்கு அவை பெரும்பாலும் பிடிபடுவதில்லை. கிடைக்கும் எண்ணும் நோயைச் சொல்லுமே தவிர, மாற்ற வேண்டிய பாகத்தைச் சொல்லாது. பி0420 வந்ததும் கன்வெர்ட்டரை மாற்றிப் பெரும் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. சைலன்சர் குழாயில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் அதே எண் வரலாம். பழைய கார் விற்பவர் எண்ணை அழித்துவிட்டு விளக்கு எரியாத வண்டியைக் காட்டலாம். ஆனால் அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல கார்கள் குறித்துவைக்கின்றன. அதையும் போனிலேயே பார்க்கலாம். வாங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஏனோ திறப்பதே இல்லை.

திறந்த வாசலில் திருடனும் நுழையலாம். 2015இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகச் செய்த ஓர் அடாப்டரைச் செருகிய கார்வெட் காருக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே வைப்பரை ஓடவைத்தார்கள். மெதுவாகப் போகையில் பிரேக்கையும் செயலிழக்கச் செய்து காட்டினார்கள்.

மின்சாரக் காருக்குப் புகைக்குழாயே கிடையாது. புகைச்சட்டம் அதனிடம் கேட்க ஒன்றுமில்லை. டெஸ்லா மாடல் 3இல் தகவல் பார்க்க விரும்புகிறவர்கள் தனி ஒயர் வாங்கி இடையில் கோக்க வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியா வாரியம் 2022இல் புதிய விதி செய்தது: 2026 மாடல் முதல் மின்சாரக் கார்களும் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை ஓட்டுநருக்கே காட்ட வேண்டும், தகவலைப் பொதுவான முறையில் தர வேண்டும். அந்த விதிகளுக்கு மத்திய அரசு அளித்திருந்த அனுமதியை 2025 ஜூனில் அமெரிக்க காங்கிரஸின் தீர்மானம் ரத்துசெய்தது. டிரம்ப் கையெழுத்திட்ட அன்றே கலிஃபோர்னியா கோர்ட்டுக்குப் போனது.