தண்ணீருக்கு அடியில் தொடங்கும் பாதை

கொங்கு நாட்டுக் கோயில் நோம்பியில் ஆடி முடித்த சாமியாடி தளர்ந்து சாயும்போது, பக்கத்தில் நிற்பவர்கள் "சாமி மலையேறிடுச்சுங்க" என்பார்கள். விளக்கு அணைந்தால் அணைந்தது என்று சொல்ல வாய் வராது; அதுவும் மலையேறிவிடும். ஒழிந்துபோன பழக்கத்தைப் பற்றிக் கேட்டால், "அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு" என்று பதில் வரும். நம் பேச்சில் மலை என்பது சாமி திரும்பிப் போகிற இடம். காட்சி பார்க்க மனுசன் ஏறுகிற இடம் என்ற பொருள் அதற்கு மிகச் சமீபத்தில் வந்தது. ஏறத்தாழ இருநூறு வருசக் கதை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. இணையத்தில் பதிவு செய்து, பணம் கட்டி, வனத்துறை அனுப்பும் வழிகாட்டியுடன் போக வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு வந்த கட்டுப்பாடுகளின் தொடர்ச்சி இது. கோவை, நீலகிரிப் பாதைகள் இந்தப் பட்டியலில் நிறைய உண்டு. வார இறுதியில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் அவர்கள் நடக்கிற தடத்தை யார் போட்டது என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்டால் கைவசம் ஒரு பதில் இருக்கிறது: ஜான் சல்லிவன். 1819-ல் நீலகிரியைக் 'கண்டுபிடித்த' கோவைக் கலெக்டர். ஊட்டி பற்றிய எந்தக் குறிப்பிலும் இந்த வரி வந்துவிடும்.

சல்லிவன் ஏறியதற்கு முந்தைய வருசம், அவருடைய உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறியிருந்தார்கள். புகையிலை கடத்தியவர்களைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை. வேட்டைக்குப் போனார்கள் என்று இன்னொன்று. முதல் கதை உண்மையானால், அந்த 'கண்டுபிடிப்பாளர்'களுக்கு வழிகாட்டியவர்கள் கடத்தல்காரர்கள். கடத்துகிறவன் ஓடுவதற்கு அங்கே ஒரு தடம் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

அதற்கும் முன்னால், 1812-ல் கம்பெனியின் நில அளவையாளர் வில்லியம் கீஸ், மக்மஹோன் என்ற உதவியாளுடன் மேலே போய் வந்து கோவைக் கலெக்டருக்கு அறிக்கை எழுதினார். 1800-ல், திப்பு வீழ்ந்து கோவைச் சீமை கம்பெனி கைக்கு வந்த மறுவருசம், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் நாடு முழுவதும் சுற்றி விவரம் சேகரித்தபோது கிழக்குச் சரிவில் அரக்கோடு பக்கம் ஏறிப் பார்த்தார். 1603-ல் மலபாரிலிருந்து மன்னார்க்காடு வழியாக ஃபெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் வந்தார். மலைமேல் பழைய கிறித்தவர்கள் மறைந்து வாழ்கிறார்கள் என்ற வதந்தியைக் கேட்டுத் தேடி வந்தவர், மேலே தோடர்களையும் படகர்களையும் கண்டார். கிறித்தவர் யாரும் இல்லை என்று கடிதம் எழுதிவிட்டுத் திரும்பினார்.

படகர்களே ஏறி வந்தவர்கள்தான். படகர் என்றால் வடக்கத்தியார். மைசூர்ப் பக்கத்திலிருந்து, விஜயநகரம் சரிந்த காலத்துக் குழப்பங்களில் கிளம்பி மேலே வந்ததாகச் சொல்லப்படுகிறது. குடும்பம், மாடு, விதைத் தானியம் எல்லாவற்றோடும் செங்குத்துச் சரிவில் ஏறிய அந்த நடைக்கு யாரும் மலையேற்றம் என்று பெயர் வைக்கவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். ஒய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் படைத்தலைவன் புணிசன், தோடரை அச்சுறுத்தியதையும் கொங்கரை ஒடுக்கியதையும் நீலமலைக்குள் நுழைந்ததையும் பெருமையாகச் சொல்லும் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சாமராஜநகரில் இருக்கிறது. நமக்குத் தெரிந்து தோடர் பெயர் எழுத்தில் வருகிற மிகப் பழைய இடங்களில் ஒன்று அது. சல்லிவனுக்கு எழுநூறு வருசம் முன்பே படையே ஏறியிருக்கிறது. படை ஏற வேண்டுமென்றால் பாதை வேண்டும்.

அந்தப் பாதைகளில் முக்கியமான ஒன்றின் அடிவாரம் எங்கே இருந்தது? பவானியும் மோயாறும் கூடுகிற இடத்தில், டணாயக்கன்கோட்டையில். தண்டநாயக்கன் கோட்டை என்பது மருவிய பெயர். ஒய்சளர் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட தண்டநாயக்கர்கள், நீலகிரியை அடக்கியவர்கள் என்று பொருள்படும் 'நீலகிரி சாதாரன்' என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டார்கள். மாதவ தண்டநாயக்கன் பெயரால் அங்கே மாதவராயப் பெருமாள் கோயில் எழுந்தது. பிறகு ஆட்சிகள் மாறின; கோட்டையின் வேலை மாறவில்லை. மேலே விளைகிற தானியத்துக்கும் மேய்கிற எருமைக்குமான வரி இந்த வழியாகத்தான் கீழே வந்தது. வரி வாங்குகிறவன் ஏறினான், கட்டுகிறவன் இறங்கினான், நடுவே வியாபாரி போய் வந்தான். மலைமேல் உப்பு விளையாது. உப்புக்காகவாவது கீழ்நாட்டோடு உறவு வேண்டும்.

மேலேயும் பாதைகளின் வலை ஒன்று இருந்தது. தோடரின் நெய், கோத்தர் செய்த பானையும் இரும்புச் சாமானும், படகரின் தானியம், குறும்பரின் தேன் எல்லாம் ஊர் ஊராகக் கைமாறின. கோத்தகிரி என்ற பெயரே கோத்தர் கேரி, அதாவது கோத்தர் தெரு. இன்று வரைபடத்தில் மலையேற்றப் பாதை என்று குறிக்கப்படுகிற பல தடங்களில் நூற்றாண்டுகளாகப் பானையும் தேனும் போய் வந்திருக்கின்றன.

சாமியும் அந்த வழியில் போயிருக்கிறார். கோத்தகிரிக்குக் கிழக்கே, கீழ்நாட்டிலிருந்து பார்த்தாலே தெரியும்படி கூம்பாக நிற்பது ரங்கசாமி மலை. காரமடையில் குடியிருந்த ரங்கநாதர், வீட்டம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாக இங்கே வந்துவிட்டார் என்பது வழங்கி வரும் கதை. அவருக்கு இங்கே பூசை செய்வது இருளர். கீழே தேரும் திருவிழாவுமாக இருக்கிற பெருமாளுக்கு மேலே இருளர் பூசாரி. இப்படி ஒரு கதையை உண்டாக்கி வைத்தவர்களுக்கு மலையும் சமவெளியும் இரண்டு தேசமாகத் தெரிந்திருக்க முடியாது. ஒரே வீட்டின் இரண்டு திண்ணைகள். கோபம் வந்தால் அந்தத் திண்ணைக்குப் போய் உட்காரலாம்.

அப்படியானால் சல்லிவன் என்னதான் செய்தார்? சின்ன வேலை இல்லை. வழி இருந்தது, அதில் போவதற்கு அவர் புதிதாக ஒரு காரணம் கொண்டுவந்தார். 1819 ஜனவரியில் ஏறி கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டியில் இறங்கினார். சுமார் 1,800 மீட்டர் உயரம். கீழே கோவையில் வெயிலிலும் காய்ச்சலிலும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருக்க, இங்கே விடியலில் பல் கிட்டுகிற குளிர். அதே வருசம், உடம்பு சரியில்லாமல் இருந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோ மேலே போய்த் தேறினார். சேதி பரவியது. வரிக்கும் வியாபாரத்துக்கும் வேண்டுதலுக்கும் ஏறிய மலையில் முதன்முதலாக உடம்பு தேறவும் காற்று வாங்கவும் காட்சி பார்க்கவும் ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். திம்பட்டி அருகே கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய கல் பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. அவர் ஊட்டியில் கட்டிய கல்வீடு அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது.

காரணம் மாறியதும் பாதையும் மாறியது. டணாயக்கன்கோட்டைத் தடம் ஆள் நடக்கவும் பொதிமாடு ஏறவும் போதும். துரைகளின் மூட்டை முடிச்சுகளுக்குப் போதாது. 1821-லிருந்து 1823-க்குள் லெப்டினன்ட் மக்ஃபர்சன் மேற்பார்வையில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் புதிய வழி வெட்டப்பட்டது. 1830-களின் தொடக்கத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைப்பாதை போட்டார் லெ ஹார்டி. போக்குவரத்து அங்கே திரும்பியது. 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் பல்சக்கர ரயில் வந்தது. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 சுரங்கங்கள். மேட்டுப்பாளையம் ஊரானது. டணாயக்கன்கோட்டை ஓரமானது.

இந்தக் கதையில் துரைகளின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. தூக்கினவர்களின் பெயர்கள்தான் இல்லை. அந்தக் காலத்தில் 'மலையேறினார்' என்று எழுதினால் பாதிக்கு மேல் பொய். ஏறியது சுமந்தவரின் கால். 1834-ல் மெக்காலே மெட்ராஸிலிருந்து மைசூர் வழியாக ஊட்டிக்குப் பல்லக்கில் வந்தார், வழிநெடுக ஆட்களின் தோளில். அடிவாரக் காட்டில் இரவு தங்கினால் காய்ச்சல் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பயணிகள் அந்தக் காட்டை வேகமாகக் கடந்தார்கள். கடந்துவிட முடியாத கூலிகளும் மாட்டுக்காரர்களும் அங்கேயே படுத்தார்கள். முதல் வெள்ளைக்காரனுக்கு முன்னால் நடந்து, முள்ளை விலக்கி, இந்தப் பக்கம் வாங்க என்று கை காட்டிய இருளரின் பெயரை எந்த அறிக்கையும் எழுதி வைக்கவில்லை.

பெயர்களையே கவனியுங்கள். குன்னூர்ப் பக்கம் போனால் லாம்ஸ் ராக், லேடி கேனிங் சீட், டால்பின் நோஸ். கோத்தகிரி அருகே விழுகிற அருவி கேத்தரின் அருவி. காபித் தோட்டக்காரர் காக்பர்னின் மனைவி பெயர். படகர்கள் அதை கெத்தெஹாடஹள்ளா என்பார்கள். உட்கார்ந்து பார்ப்பதற்குத் தோதான இடங்களுக்கு உட்கார்ந்து பார்த்தவர்களின் பெயர்.

இதற்கு நேர் எதிரே கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி. பூண்டியிலிருந்து ஏழு மலை ஏறிப் போகிற தடம். கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை, ஒட்டன் சமாதி, திருநீற்று மலை, ஆண்டிச் சுனை. மூங்கில் தடி ஊன்றி ராத்திரியில் ஏறுகிறவர்களுக்கு எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே மூச்சு வாங்கும் என்று அந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. நடந்தவன் வைத்த பெயர்கள். காட்சி அங்கேயும் உண்டு. ஏழாவது மலையில் சூரியன் எழுவதைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. ஆனாலும் அந்த இடத்துக்குக் காட்சிமுனை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. கடவுளுக்காக ஏறியவனுக்குக் காட்சி கொசுறு.

எந்த நோக்கம் உசத்தி என்பதல்ல இங்கே விசயம். பக்தியில் ஏறினாலும் நெஞ்சுவலி வரும். வெள்ளியங்கிரியில் ஒவ்வொரு பருவத்திலும் சாவுச் செய்தி வருகிறது. காட்சிக்காக ஏறுவதிலும் குற்றம் இல்லை. 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லில்தான் குற்றம். யாரும் இல்லாத இடத்தைத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தச் சொல்லை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அங்கே இருந்தவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். பிறகு அவர்கள் மேய்ச்சலையும் காட்டையும் யார் வேண்டுமானாலும் அளந்து வேலி போடலாம். போட்டார்கள். தோடரின் புல்வெளி தேயிலையும் யூகலிப்டஸும் ஆனது. 1882-ன் சென்னை வனச்சட்டத்துக்குப் பிறகு, பாட்டன் நடந்த தடத்தில் பேரன் நடப்பதற்கு அதிகாரி தயவு தேவைப்பட்டது. அந்தத் தயவை எதிர்பார்த்து நிற்கிற நிலை இன்றும் முழுசாகப் போய்விடவில்லை.

இந்த இடத்தில்தான் புதிய மலையேற்றத் திட்டத்தில் ஒரு சின்ன விசயம் பெரிதாகத் தெரிகிறது. அதன் வழிகாட்டிகளில் பலர், வனத்துறை பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொண்ட பழங்குடி இளைஞர்கள். இருநூறு வருசத்துக்கு முன் முன்னால் நடந்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. இப்போது முன்னால் நடக்கிறவரிடம் "உங்க பேருங்க?" என்று கேட்கலாம். கேட்டுவிட்டு, இந்தச் சுனைக்கு உங்க பாசையில் என்ன பேரு, இந்த வழி முன்னால எங்க போச்சு என்றும் கேட்கலாம். மலையேற்றத்தில் உடம்புக்கு ஆகிற நன்மை உடம்போடு சரி. இந்தப் பதில்களைக் குறித்து வைத்தால் அது வரலாறு.

டணாயக்கன்கோட்டைக்கு என்ன ஆயிற்று? 1948-ல் தொடங்கி 1955-ல் பவானிசாகர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஊர், கோட்டை, கோயில் எல்லாம் நீருக்குள் போயின. அந்த நீர்தான் கீழ்பவானி வாய்க்கால் வழியாக 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரை நனைக்கிறது. கோபியிலும் ஈரோட்டிலும் நெல்லும் மஞ்சளும் விளைகிறதென்றால் அந்த ஊர் மூழ்கியதன் பலன் அதில் இருக்கிறது. வருத்தப்படுவதா, நன்றி சொல்வதா என்று தெரியாத கணக்கு இது.

கோத்தகிரியிலிருந்து கிழக்கே 18 கிலோமீட்டர் போனால் கோடநாடு காட்சிமுனை. பொங்கல் விடுமுறையில் நிற்க இடம் இருக்காது. எட்டிப் பார்த்தால் மோயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹடா வயல்களும் ரங்கசாமி மலையும் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் ஒரு வெள்ளித்தகடு மின்னும். பவானிசாகர். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் கை நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோடை கடுமையாகி அணை வற்றுகிற வருசங்களில் அந்தத் தகட்டுக்கு நடுவிலிருந்து மாதவராயப் பெருமாள் கோயிலின் கல்தூண்கள் வெளியே வரும். சேறு காய்ந்ததும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். நீலகிரிக்குப் போகும் பழைய வழி அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது.