கேரல் கோட்பாடு

சிறு நகரம் இன்னொரு வானொலி நிலையத்தைத் தாங்குமா என்ற கேள்வியை உரிமம் வழங்கும் கட்டத்திலேயே எழுப்ப இடமளித்த அமெரிக்கச் சட்டக் கோட்பாடு.

இதன் வேர் 1940-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சாண்டர்ஸ் சகோதரர்கள் வழக்கில் உள்ளது. அயோவா மாநிலத்தின் டுபுக் நகரில் ஒரு நாளிதழ் நிறுவனம் வானொலி தொடங்க அனுமதி கேட்டது. பழைய நிலையத்துக்கு வருவாய் குறையும் என்பது மட்டுமே உரிமத்தை மறுக்கப் போதாது என்றது நீதிமன்றம்.

பின்னர் ஜார்ஜியா மாநிலத்தின் கேரல்டன் நிலையம், சற்றுத் தள்ளியுள்ள பிரெமென் ஊருக்குப் புதிய உரிமம் தரப்பட்டதை எதிர்த்தது. அந்த வழக்கில்தான் 1958-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் நுட்பமான கோடு ஒன்றை வரைந்தது: உரிமையாளரின் நட்டம் அவருடைய கவலை, அந்த நட்டத்தால் மக்களுக்குக் கிடைக்கும் சேவை நலிந்தால் அது பொதுக் கவலை. சரியான கோடு அது. ஊர்க் கடைகளின் விளம்பரப் பணத்துக்கு எல்லை உண்டு. அதை இருவர் பங்கிட்டால் முதலில் வெட்டுப்படுவது செலவு பிடிக்கும் உள்ளூர்ச் செய்தியாகவே இருக்கும்.

ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு பழைய நிலையத்தின் தலையில் விழுந்தது. சந்தையின் விளம்பர வருவாய், சில்லறை வணிகம், தன் நிகழ்ச்சிச் செலவு எல்லாவற்றையும் காட்டி, இன்னும் நேராத இழப்பை மெய்ப்பிக்க வேண்டும். வென்றவர்கள் மிக அரிது. போட்டியாளரைத் தாமதப்படுத்தவே இது பயன்பட்டது என்ற குறை வலுத்தது. கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1988-இல் இக்கோட்பாட்டைக் கைவிட்டது.