மிச்ச நாடாவில் பதிவான ஒலி

ஒலிநாடாவில் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. வேறு பாட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட். ஜாய் டிவிஷன் இசைக்குழுவின் தட்டுகளுக்கு அந்த இருண்ட, விசாலமான ஒலியைத் தந்தவர் அவர்தான். இருக்கிறது என்று சொல்லி அந்தப் பெண்கள் வாசித்ததுதான் ‘யூ.எஃப்.ஓ.’.

ஈ.எஸ்.ஜி. என்ற அந்தக் குழு நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸைச் சேர்ந்தது. பிள்ளைகள் தெருவில் கெட்டுப்போய்விடக் கூடாதே என்று அம்மா வாங்கிக் கொடுத்த வாத்தியங்களை வைத்துக்கொண்டு ஸ்க்ரோகின்ஸ் வீட்டுச் சகோதரிகள் தொடங்கியது. பெயரின் மூன்று எழுத்துகள் எமரால்ட், சஃபயர், கோல்ட். எமரால்ட் சகோதரிகளில் வேலரியின் பிறப்புக்கல், சஃபயர் ரெனேயுடையது. கோல்ட், என்றாவது தங்க இசைத்தட்டு விருது வாங்கவேண்டும் என்ற ஆசை. அவர்களை ஒரு கிளப்பில் கேட்டு வியந்த டோனி வில்சன், 1981இல் மான்செஸ்டரிலிருந்த தன் ஃபேக்டரி இசைத்தட்டு நிறுவனத்தில் அவர்கள் தட்டை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதே ஊரில் ஹாசியெண்டா கிளப் திறந்த இரவில் மேடையேறியதும் இவர்கள்தான்.

‘யூ.எஃப்.ஓ.’வில் பாடல் வரிகள் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே கிதாரிலிருந்து ஒரு கீச்சொலி, அபாயச் சங்குபோல மேலேறி நடுங்கும். பிறகுதான் பேஸும் டிரம்ஸும் வந்து சேரும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒவ்வொரு வாத்தியத்தைச் சுற்றியும் வெற்றிடம் விட்டிருப்பார்கள். அந்த ஒலி ஊர்சுற்றக் கிளம்பியதற்குக் காரணமே அந்த வெற்றிடம்தான்.

1980களின் பிற்பகுதியில் ராப் தயாரிப்பாளர்கள் கையில், பழைய ஒலித்துண்டை எடுத்துத் திரும்ப ஒலிக்கவைக்கும் சாம்பிளர் வந்தது. 1987இல் வந்த எஸ்பி-1200 கருவியின் நினைவகத்தில் பத்து விநாடி ஒலிதான் அடங்கும். அதில் வைக்க, வேறு வாத்தியம் கலக்காத, சட்டென்று காதைப் பிடிக்கிற சிறு துண்டு வேண்டும். ‘யூ.எஃப்.ஓ.’வின் தொடக்கம் அப்படியே வெட்டி எடுக்க வாகாக இருந்தது. வேகத்தைக் குறைத்தால் கீச்சொலி முனகலாகிவிடும். திகில் இன்னும் கூடும். 1988இல் ராப் கலைஞர் பிக் டாடி கேனும் பப்ளிக் எனிமி குழுவும் அதை எடுத்தார்கள். 1993இல் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ‘பார்ட்டி அண்ட் புல்ஷிட்’டிலும் அதே ஒலி. இன்றுவரை நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்குள் அது போயிருக்கிறது.

ஒலி போன இடமெல்லாம் பெயர் போகவில்லை, பணமும் வரவில்லை. பல பாட்டுகளுக்கு யாரும் அனுமதிகூடக் கேட்கவில்லை. 1991 டிசம்பரில், கில்பர்ட் ஓசல்லிவனின் பாட்டை அனுமதியின்றி எடுத்த ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பிறகுதான் சாம்பிளுக்கு முன் அனுமதி வாங்குவது கட்டாயம்போல ஆனது. ஈ.எஸ்.ஜி.யின் ஒலி அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. 1992இல் அவர்கள் வெளியிட்ட தட்டின் பெயரே ‘சாம்பிள் கிரெடிட்ஸ் டோன்ட் பே அவர் பில்ஸ்’: சாம்பிளுக்குப் பெயர் போட்டால் எங்கள் செலவு அடையாது என்று பொருள்.

பழைய ஒலியை எடுத்துப் புதிதாகக் கோப்பது பெரிய கலை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கலை இன்னொருவர் உழைப்பின்மேல் நிற்கிறது. ஹிப் ஹாப்பின் வரலாற்றில் ஸ்க்ரோகின்ஸ் சகோதரிகளை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்குவது அநியாயம். அந்த இசையை உருவாக்கியவர்களின் வரிசையிலேயே அவர்கள் பெயர் வரவேண்டும். எடுத்த ஒலிக்கு உரிய கூலியும் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும்.